மண்ணா, விதையா? சீன மூலிகைகளின் வீரியம் ஊருக்கு ஊர் மாறுவதன் பின்னணி

1967 மே 23 அன்று மலேரியாவுக்கு மருந்து தேடும் அரசுத் திட்டம் ஒன்று சீனாவில் தொடங்கியது. தேதியை வைத்தே ‘திட்டம் 523’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். அதில் பெய்ஜிங்கில் ஓர் ஆய்வுக் குழுவை நடத்தியவர் து யூயூ. பழைய வைத்திய நூல்களில் காய்ச்சலுக்குச் சொல்லப்பட்ட மூலிகைகளை எடுத்துச் சாறாக்கி, மலேரியா தொற்றிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிங்ஹாவ் என்ற செடியின் சாறு முதலில் நம்பிக்கை தந்தது. திரும்பச் செய்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. செடியும் மாறவில்லை, செய்முறையும் மாறவில்லை, முடிவு மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

இதற்கான விடையில் ஒரு பாதி இன்று பலருக்குத் தெரியும். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹோங்கின் அவசர வைத்தியக் கையேடு, ஒரு கைப்பிடி சிங்ஹாவை இரண்டு ஷெங் (பழைய சீன முகத்தல் அளவு) நீரில் ஊறவைத்து, பிழிந்து, சாறு முழுவதையும் குடிக்கச் சொல்கிறது. அடுப்பில் வைத்துக் காய்ச்சச் சொல்லவில்லை. சூட்டில் மருந்து கெடுகிறதோ என்று யோசித்த து யூயூ, குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். 1971 அக்டோபரில் 191 என்று எண்ணிடப்பட்ட சாறு எலிகளின் இரத்தத்திலிருந்த கிருமிகளை முழுவதுமாக ஒழித்தது. அடுத்த ஆண்டு, அந்தச் சாற்றில் வேலை செய்த மருந்துப்பொருளான ஆர்டெமிசினின் தனியாகப் பிரிக்கப்பட்டது. 2015-இல் நோபல் பரிசு வந்தது.

மற்றப் பாதியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அது செடியைப் பற்றியது. மருந்து இலையில்தான் இருந்தது, தண்டிலும் வேரிலும் இல்லை. பூப்பதற்கு முன் பறித்தால் மிகுதியாக இருந்தது. பெய்ஜிங் பக்கத்துச் செடிகளில் குறைவாக இருந்தது, தென்மேற்கே அன்றைய சிச்சுவான் மாகாணத்தின் செடிகளில் தாராளமாக இருந்தது. எந்தப் பகுதி, எந்தப் பருவம், எந்த ஊர் என்ற மூன்று கேள்விகளும் சேர்ந்துதான் மருந்தைத் தீர்மானித்தன. இந்த மூன்றையும் பின்தொடர்ந்து போனால், ஒரு செடி எப்படி இனம்பெருக்குகிறது என்ற இடத்தில்தான் போய் நிற்போம். மருந்தின் தரத்தைப் பேசுகிறவர்கள் பூவைப் பற்றிப் பேசாமல் கடந்துவிடுவது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

காற்றில் கலக்கும் செடி

சிங்ஹாவின் தாவரப் பெயர் அர்டெமிசியா அன்னுவா. பூக்கடையில் கதம்பத்தில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்தும் இதே பேரினம்தான். ஓராண்டுச் செடி. ஆள் உயரத்துக்கும் மேல் வளர்ந்து, கடுகளவு மஞ்சள் பூங்கொத்துகளை ஆயிரக்கணக்கில் தள்ளும். வண்டை ஈர்க்க நிறமோ தேனோ பெரிதாக இல்லை. மகரந்தத்தைக் காற்று கொண்டுபோகிறது. தன் மகரந்தம் தன் சூலகமுடியிலேயே, அதாவது மகரந்தத்தை ஏற்கும் முனையிலேயே, விழுந்தாலும் பெரும்பாலும் விதை பிடிக்காது. செடியே அதைத் தடுத்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு விதைக்கும் தாய் ஒன்று, தந்தை வேறொன்று. விதை அவ்வளவு சிறியது, ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கும். அந்தப் பத்தாயிரமும் பத்தாயிரம் வேறு வேறு கலவைகள்.

இப்படி ஓயாமல் கலக்கிற செடியில் எல்லாக் குணமும் பரந்து விரிந்திருக்கும். உலர்ந்த இலையில் ஆர்டெமிசினின் அளவு 0.1 சதவீதத்துக்கும் கீழிருந்து 1 சதவீதத்துக்கு மேல் வரை போகிறது. பத்து மடங்கு வித்தியாசம். இலையை உருப்பெருக்கியில் பார்த்தால், மேற்பரப்பில் எண்ணெய்ப் பை போன்ற சுரப்பித் தூவிகள் தெரியும். மருந்து உருவாவது அந்தப் பைகளில்தான். தூவிகள் எவ்வளவு அடர்த்தி என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று செல்லின் உள்ளே இருக்கிறது.

ஆர்டெமிசினினை நோக்கிப் போகும் வேதிப்பாதையில் ஓரிடத்தில் கிளை பிரிகிறது. ஒரு குறிப்பிட்ட நொதி நிறைய இருந்தால், பொருள் ஒரு பக்கம் திரும்பி, கடைசியில் ஒளியும் ஆக்சிஜனும் பட்டு ஆர்டெமிசினினாக முடிகிறது. அந்த நொதி குறைந்தால், மறுபக்கம் திரும்பி, மலேரியாவுக்கு அவ்வளவாக உதவாத வேறொரு சேர்மமாகிவிடுகிறது. இதனால் இந்த இனத்துக்குள்ளேயே இரண்டு வேதி வகைகள் இருக்கின்றன. ஒன்று மருந்து மிகுந்தது, மற்றது மருந்து குன்றியது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். முகர்ந்தும் முழு நிச்சயமாகச் சொல்ல முடியாது.

சரி, இது மண்ணின் குணமா, விதையின் குணமா? சீன வைத்தியத்தில் ‘தாவ்தி’ என்றொரு பழைய கருத்து உண்டு. ஒவ்வொரு மூலிகைக்கும் அதற்கே உரிய ஊர் உண்டு, அங்கே விளைந்ததுதான் அசல் என்பது அதன் சாரம். ஏழாம் நூற்றாண்டு வைத்தியர் சுன் சிமியாவ் மூலிகைகளை அவை விளையும் வட்டாரங்களோடு சேர்த்தே பதிவு செய்திருக்கிறார். அந்தக் கருத்தைச் சோதிக்கத் தாவரவியலில் எளிய வழி ஒன்று இருக்கிறது. பல ஊர் விதைகளைக் கொண்டுவந்து ஒரே தோட்டத்தில், ஒரே மண்ணில், ஒரே நாளில் விதைக்க வேண்டும். அங்கேயும் வித்தியாசம் நீடித்தால் அது பரம்பரையில் இருக்கிறது, மறைந்தால் அது இடத்தினுடையது. சிங்ஹாவில் வேதி வகை விதையோடு போகிறது. எங்கே விதைத்தாலும் மருந்து குன்றியது குன்றியதாகவே வளரும். ஆனால் மிகுந்த வகைக்குள் எவ்வளவு மிகுதி என்பதை வெயிலும் உரமும் பறிக்கும் நாளும் ஏற்றி இறக்குகின்றன.

பறிக்கும் நாளை முடிவு செய்வதும் பூதான். சிங்ஹாவ் குறும்பகல் செடி. பகல் சுமார் பதின்மூன்றரை மணி நேரத்துக்குக் கீழே குறைந்ததும் பூக்கத் தொடங்கும். பூத்துவிட்டால் இலைகள் வாடி உதிர ஆரம்பிக்கும், மருந்தும் சரியும். கோடையில் பகல் நீண்டிருக்கும் இடத்தில் செடி பல மாதம் இலையாகவே தழைத்து நிற்கும். அதை அப்படியே நிலநடுக்கோட்டுக்கு அருகில் கொண்டுபோய் விதைத்தால், பகல் எப்போதும் பன்னிரண்டு மணியை ஒட்டியே இருப்பதால், முழங்கால் உயரத்திலேயே பூத்து முடித்துவிடும். மலேரியா அதிகமுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் இதைப் பயிரிட முயன்றவர்கள் சந்தித்த முதல் சிக்கல் இதுதான். பிந்திப் பூக்கும் வகைகளைத் தேடிப் பிரித்தெடுத்த பிறகே அங்கே சாகுபடி நடந்தது.

அப்புறம் விதை. நல்ல செடியைக் கண்டுபிடித்து அதன் விதையை எடுத்து வைத்தால் போதாதா என்று தோன்றும். போதாது. தந்தை யார் என்று தெரியாதே. நல்ல தாயின் விதையை விதைத்தால் வயல் முழுக்க உயரமும் குட்டையும், மருந்து மிகுந்ததும் குன்றியதுமாகக் கலந்துதான் வரும். அதனால் தேர்ந்த இரண்டு பெற்றோரைத் தண்டு நறுக்குகள் மூலம் அப்படியே பாதுகாத்து, அருகருகே நட்டு, அவற்றுக்கிடையே மட்டும் கலப்பு நடக்கவிட்டு விதை எடுக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் உருவான ‘ஆர்டெமிஸ்’ கலப்பினம் அப்படி வந்ததுதான். அதன் சந்ததிகளை வைத்தே இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகக் குழு 2010-இல் இந்தச் செடியின் மரபு வரைபடத்தை வெளியிட்டது. கலப்பினப் பயிரில் அடுத்த தலைமுறை விதையை விவசாயி எடுத்து விதைத்தால் குணம் மறுபடி சிதறும், ஆகவே ஒவ்வோர் ஆண்டும் விதை வாங்கியாக வேண்டும். இலையை வீட்டில் ஊறவைத்துக் குடித்து மலேரியாவைச் சமாளிக்கலாம் என்று சொல்பவர்களை உலக சுகாதார நிறுவனம் ஏற்காததற்கும் இந்தச் சிதறல் ஒரு காரணம். ஒரு கோப்பையில் எவ்வளவு மருந்து இறங்கியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

விதையே போடாத மூலிகைகள்

சிங்ஹாவுக்கு நேர் எதிரே நிற்பது சுவான்சியோங். தலைவலிக்கும் மாதவிடாய்க் கோளாறுகளுக்கும் சீன வைத்தியத்தில் ஓயாமல் எழுதப்படும் கிழங்கு இது. சிச்சுவானின் தூஜியாங்யான் பக்கத்துச் சமவெளியில் விளைகிறது. இது முளைக்கும் விதையைத் தருவதே அரிது. அங்கே வழக்கம் என்னவென்றால், குளிர்காலத்தின் கடைசியில் சமவெளிச் செடியைக் கிளறி எடுத்து மலைக்குக் கொண்டுபோய் நடுவார்கள். குளிர்ந்த மலையில் தண்டு கணுக் கணுவாக வளரும். கோடையில் தண்டை வெட்டி, கணுக்களைத் துண்டு துண்டாக நறுக்கி, கீழே இறக்கிச் சமவெளியில் நடுவார்கள். அடுத்த ஆண்டு கோடை தொடங்கும்போது கிழங்கு தயார். மலை நாற்றங்கால், சமவெளி வயல். நூற்றாண்டுகளாக இந்த ஏற்ற இறக்கம் நடக்கிறது.

இதன் பொருளைக் கவனிக்க வேண்டும். வயலிலுள்ள செடிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே உடலின் துண்டுகள். இங்கே ‘அந்த ஊர்க் கிழங்குதான் அசல்’ என்று யாராவது சொன்னால், அது மண்ணையும் வளர்ப்பு முறையையும் பற்றிய பேச்சு. மரபில் வித்தியாசம் மிகக் குறைவு. சிங்ஹாவில் அதே வாக்கியத்தைச் சொன்னால், அது அந்த வட்டாரத்தில் எந்த வகை விதை பரவியிருக்கிறது என்பதைப் பற்றியது. தாவ்தி என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு வேறான இரண்டு உண்மைகள் இருக்கின்றன. எது எந்தப் பக்கம் என்று பிரித்துச் சொல்லாமல் ‘மண்வாகு’ என்று பொதுவாகப் பேசி முடிப்பதில் யாருக்கும் பயனில்லை.

ஒரே உடலைத் துண்டாக்கிக்கொண்டே போவதற்கு விலை உண்டு. ஹெனான் மாகாணத்தின் ஜியாவ்சுவோ பகுதியில் விளையும் திஹுவாங் கிழங்கையும் துண்டு நட்டே பயிர் செய்கிறார்கள். துண்டோடு வைரஸும் அடுத்த ஆண்டுக்குப் போகிறது. சில ஆண்டுகளில் கிழங்கு சிறுத்து, இலை புள்ளி விழுந்து, ரகம் தேய்ந்துவிடுகிறது. போதாததற்கு, ஒருமுறை திஹுவாங் விளைந்த நிலத்தில் எட்டு முதல் பத்தாண்டுகளுக்கு மறுபடி அதைப் போட முடியாது, வேர் அழுகும். திஹுவாங்குக்குப் பூவும் உண்டு, விதையும் உண்டு, ஆனால் தன் மகரந்தத்தை அது ஏற்பதில்லை. ஒரே ரகம் நட்ட வயலில் பூவெல்லாம் ஒரே செடியின் பூ என்பதால் விதை பிடிப்பதும் கடினம். வேறு ரகத்தோடு கலந்து விதை எடுத்தால் நாற்றுகள் ஆளுக்கொரு விதமாக வரும். விவசாயிக்கு அது தொல்லை. ரகம் தேடும் ஆய்வாளருக்கு அதுதான் மூலதனம், தேய்ந்த ரகத்துக்கு மாற்று அங்கிருந்துதான் வர வேண்டும்.

பூக்கவே கூடாது என்று விவசாயி வேண்டிக்கொள்ளும் மூலிகையும் உண்டு. கான்சு மாகாணத்தில் ‘மின்’ என்ற பெயருள்ள வட்டாரத்தின் தாங்குய் வேர், பெண்களுக்கான மருந்தாகச் சீனா முழுக்கப் போகிறது. முதலாண்டு நாற்று, இரண்டாம் ஆண்டு வேர், மூன்றாம் ஆண்டு பூவும் விதையும். இதுதான் ஒழுங்கு. ஆனால் ஒரு பகுதிச் செடிகள் இரண்டாம் ஆண்டிலேயே தண்டு நீட்டிப் பூத்துவிடும். பூத்தால் வேர் மரமாக இறுகி, மருந்துக்கு ஆகாமல் போகும். முதலாண்டில் அளவுக்கு மீறிக் கொழுத்த நாற்று குளிரை அனுபவித்ததும் ‘பூக்கும் வயது வந்துவிட்டது’ என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் அங்கே நடுத்தர நாற்றைத்தான் விரும்புகிறார்கள், பெரிதை விலக்கிவிடுகிறார்கள். முந்திப் பூத்த செடியின் விதையை எடுத்து விதைத்தால் அடுத்த தலைமுறையிலும் முந்திப் பூப்பவை கூடும். விதைக்கென்று மூன்றாம் ஆண்டுச் செடியை நிறுத்தி வைப்பவருக்கு அந்த நிலத்தில் அந்த ஆண்டு வேர் வருமானம் இல்லை. மலிவு விதை விற்பவர் இந்தச் செலவைத்தான் மிச்சம் பிடிக்கிறார், அடுத்தவர் வயலில் அது மரவேராக வெளிப்படுகிறது.

நண்பகலில் இடம் மாறும் சூலகமுடி

இஞ்சிக் குடும்பத்துக்கு வந்தால் பூவே பேசத் தொடங்கிவிடும். நாட்டு மருந்துக்கடையில் வாங்கும் சித்தரத்தையும் பேரரத்தையும் அல்பீனியா பேரினத்தைச் சேர்ந்தவை. அந்தப் பேரினத்தின் சில இனங்களை தென்மேற்கு யுன்னான் மாகாணத்தின் சிஷுவாங்பன்னா வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்தில் கவனித்தவர்கள் 2001-இல் ஓர் அற்புதத்தை அறிவித்தார்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றேபோல இருக்கும் செடிகள் இரண்டு வகை. முதல் வகையில், காலையில் பூ விரிந்ததும் மகரந்தப்பை வெடித்துத் தூளைத் தருகிறது. அந்நேரம் சூலகமுடி தேனீயின் முதுகுக்கு எட்டாதபடி மேலே தூக்கி நிற்கிறது. நண்பகல் வாக்கில் சூலகத்தண்டு மெல்ல வளைந்து கீழே இறங்கி, மகரந்தம் வாங்கத் தயாராகிறது. இரண்டாம் வகையில் எல்லாம் தலைகீழ். காலையில் சூலகமுடி கீழே காத்திருக்கிறது, மகரந்தப்பை மூடியிருக்கிறது. நண்பகலில் தண்டு மேலே எழுந்த பிறகுதான் பை திறக்கிறது.

அதாவது காலையில் பாதிச் செடிகள் ஆணாகவும் மீதி பெண்ணாகவும் நடந்துகொள்கின்றன, மதியத்துக்குப் பின் வேடம் மாறுகிறது. ஒரு செடி தன்னோடும் கலக்க முடியாது, தன் வகையோடும் கலக்க முடியாது. பூ ஒரே நாள்தான் வாழும், அதற்குள் இவ்வளவு ஏற்பாடு. சமையலுக்கும் மருந்துக்கும் ஆகும் சாவ்குவோ என்ற பெரிய ஏலத்திலும் இதே அசைவு உண்டு. சாவ்குவோ தோட்டம் போடுகிறவர் ஒரே தாயின் பக்கக் கன்றுகளைப் பிரித்துத் தோட்டம் முழுக்க நட்டால், எல்லாம் ஒரே வகையாகிப் போகும். பூக்கும், காய்ப்பது குறையும். இந்தச் சிறு உயிரியல் உண்மை தெரியாமல் உரத்தையும் தண்ணீரையும் கூட்டிக்கொண்டே போனால் பலன் இருக்காது.

வயிற்றுக் கோளாறுக்குக் கொடுக்கும் ஷாரென் காயின் சிக்கல் வேறு. குவாங்டோங்கின் யாங்சுன் இதற்குப் பேர்போன ஊர். பூ தரையை ஒட்டி மலர்கிறது. சூலகமுடி மகரந்தப்பைக்கு மேலே இருக்கிறது, மகரந்தம் பிசுபிசுப்பானது. தானாக உதிர்ந்து சேராது, சரியான அளவுள்ள தேனீ உள்ளே நுழைந்து முதுகு உரச வேண்டும். காடு அழிந்து தேனீ குறைந்த இடத்தில் பூத்ததில் பத்தில் ஒன்றுகூடக் காயாவதில்லை. அதனால் ஆட்கள் குனிந்து ஒவ்வொரு பூவாக விரலால் மகரந்தத்தைத் தள்ளி ஒட்டுகிறார்கள், காய்ப்பு பல மடங்கு ஏறுகிறது. 1963-இல் இதை சிஷுவாங்பன்னாவுக்குக் கொண்டுபோய் மழைக்காட்டின் நிழலில் வளர்த்தார்கள். அங்கே காட்டுத் தேனீக்கள் இருந்தன. ஆனால் ஷாரெனுக்காகக் காட்டின் கீழ்ச்செடிகளை வெட்டிக்கொண்டே போனால் அதே தேனீக்களுக்கு ஆண்டு முழுக்கப் பூ கிடைக்காது. போடி, இடுக்கி மலைகளில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஏலமும் இதே குடும்பம்தான், அதுவும் தேனீயை நம்பித்தான் காய்க்கிறது.

ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடியாக நிற்கும் மூலிகைகளை இங்கே ஒரு வரியில் சொல்லிவிடலாம். மாஹுவாங் என்ற புதர், கிங்கோ மரம், சித்த மருத்துவத்திலும் புழங்கும் பறங்கிப்பட்டைக் கொடி எல்லாம் அப்படித்தான். இவற்றில் ஒரு பாலை மட்டும் வெட்டித் தீர்த்தால் மற்றது இருந்தும் விதை இல்லை.

இரண்டு பூஞ்சைகளுக்குப் பிறகு ஒரு கிழங்கு

தியன்மாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மயக்கம், தலைச்சுற்றலுக்குக் கொடுக்கப்படும் இந்தக் கிழங்கு ஓர் ஆர்க்கிட். பச்சை இலையே கிடையாது, வேரும் கிடையாது. ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் உருளைக்கிழங்கு மாதிரிக் கிடந்து, பூக்கும்போது மட்டும் ஒரு தண்டை வெளியே நீட்டும். ஒளிச்சேர்க்கை செய்யாத செடி உணவுக்கு எங்கே போகும்? ஆர்மிலேரியா என்ற காளானின் கரிய இழைகள் மண்ணில் ஊர்ந்து கிழங்குக்குள் நுழைகின்றன. தியன்மா அவற்றைச் செரித்து வாழ்கிறது. மரத்தை அரிக்கும் காளானை ஒரு பூச்செடி சாப்பிடுகிறது.

பல நூற்றாண்டுகள் இதை யாராலும் பயிரிட முடியவில்லை. காட்டில் தோண்டி எடுத்தார்கள், அவ்வளவுதான். 1960-களில் ஷூ ஜின்டாங் என்ற ஆய்வாளர் ஹூபெய் மலைகளில் தங்கியிருந்து, காளான் பிடித்த மரத்துண்டுகளோடு சேர்த்துக் கிழங்கைப் புதைத்து விளைவித்துக் காட்டினார். ஆனால் கிழங்கிலிருந்து கிழங்கு என்று எடுத்துக்கொண்டே போனால் திஹுவாங் கதைதான், சில தலைமுறைகளில் விளைச்சல் தேய்ந்தது. விதைக்குத் திரும்பியாக வேண்டும். தியன்மாவின் ஒரு காயில் பல்லாயிரம் விதைகள் இருக்கும், தூசியைப் போன்றவை, உள்ளே சேமித்த உணவு கொஞ்சமும் இல்லை. அந்த விதை முளைக்க ஆர்மிலேரியா உதவவில்லை. மைசீனா என்ற வேறொரு சின்னக் காளான் வேண்டியிருந்தது, அது அழுகும் இலைகளில் வாழ்வது. முளைப்பதற்கு ஒரு காளான், முளைத்த பின் வளர்வதற்கு இன்னொன்று. ஷூவின் நீண்ட உழைப்பில் இந்த இரண்டாம் துணை அடையாளம் காணப்பட்ட பிறகுதான் விதை வழிச் சாகுபடி நிலைத்தது.

இன்று யுன்னானின் ஷியாவ்ஸாவ்பா போன்ற இடங்களில் தியன்மா பூத்ததும், ஆட்கள் மகரந்தப் பையின் மூடியை ஊசி முனையால் நீக்கி, மகரந்தக் கட்டியை எடுத்து இன்னொரு பூவின் சூலகமுடியில் வைக்கிறார்கள். எதை எதோடு சேர்ப்பது என்பது அவர்கள் கையில் இருக்கிறது. தியன்மாவில் தண்டு சிவந்தது, பச்சை, மஞ்சள், கருமை படர்ந்தது என்று இயற்கையாகவே வடிவங்கள் உண்டு. கருமை வகையின் கிழங்கு கனமானது, உலர்த்தினால் எடை நிற்கும். சிவப்பு வகை வேகமாக வளரும். இரண்டையும் கலந்த வகைகள் இப்போது பரவலாகப் பயிராகின்றன. 2018-இல் இதன் மரபுத் தொகுதியை வாசித்தபோது, 19,000-க்குச் சற்றுக் குறைவான மரபணுக்களே இருந்தன. ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய பலவற்றை அது இழந்துவிட்டிருந்தது. இழக்காமல் வைத்திருந்தது பூவை.

பறிக்கும் கை செய்யும் தேர்வு

இதுவரை சொன்ன வேறுபாடுகள் காற்றும் தேனீயும் காலமும் உண்டாக்கியவை. மனிதன் தன்னை அறியாமல் உண்டாக்கிய வேறுபாடு ஒன்று தென்மேற்குச் சீனாவின் ஹெங்துவான் மலைகளில் இருக்கிறது. இந்தத் துறையில் நான் அறிந்தவற்றில் என்னை அதிகம் அசைத்தது இதுதான்.

சுவான்பெய்மு என்பது இருமலுக்கான பெயர்பெற்ற மருந்து. ஃப்ரிட்டிலாரியா பேரினத்தின் சில இனங்களுடைய சிறு குமிழ்க்கிழங்கு. அவற்றில் ஒன்றான ஃப்ரிட்டிலாரியா டெலவாயி, சுமார் 4,000 மீட்டர் உயரத்துச் சரளைச் சரிவுகளில் வளர்கிறது. முளைத்து ஐந்தாம் ஆண்டில்தான் முதல் பூ, அதன்பின் ஆண்டுக்கு ஒரு பூ. கிழங்கு அவ்வளவு சிறியது, ஒரு கிலோ உலர்ந்த மருந்துக்கு 3,500 செடிகளுக்கு மேல் தோண்ட வேண்டும். 2020 வாக்கில் கிலோ சுமார் 3,200 யுவானுக்கு விற்றது. அந்த விலைக்கு மலையேறாமல் யார் இருப்பார்கள்?

குன்மிங் தாவரவியல் நிறுவனமும் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பல சரிவுகளில் இந்தச் செடியின் நிறத்தைப் பின்னால் இருக்கும் கற்களின் நிறத்தோடு ஒப்பிட்டு அளந்தன. சில இடங்களில் செடி பளிச்சென்ற பச்சை. சில இடங்களில் சாம்பலும் பழுப்புமாக, கல்லோடு கல்லாகக் கலந்து கிடக்கிறது. தின்னும் விலங்குக்குப் பயந்து ஒளிகிறதா? அப்படி ஒரு விலங்கும் தென்படவில்லை, செடியில் கசப்பு ஆல்கலாய்டுகள் உண்டு. பிறகு ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு தோண்டுகிறார்கள், கற்களுக்கு அடியிலிருந்து கிழங்கை எடுப்பது எவ்வளவு எளிது என்று பார்த்தார்கள். எங்கே தோண்டல் அதிகமோ அங்கேதான் செடி கல் நிறத்தில் இருந்தது. எடுக்கக் கடினமான இடங்களில் பச்சையாகவே இருந்தது. கணினித் திரையில் படங்களைக் காட்டித் தேடச் சொன்னபோதும், கல் நிறச் செடியைக் கண்டுபிடிக்க ஆட்களுக்கு அதிக நேரம் பிடித்தது. இந்த ஆய்வு 2020 நவம்பரில் வெளிவந்தது.

செடி எதையும் திட்டமிடவில்லை. இனத்துக்குள் நிற வேறுபாடு முன்பே இருந்தது. பச்சையாகத் தெரிந்தவற்றைத் தோண்டி எடுத்தார்கள், அவை விதை போடவில்லை. கண்ணில் படாதவை ஐந்தாம் ஆண்டைக் கடந்து பூத்து விதை போட்டன. தலைமுறை தலைமுறையாக இது நடந்தால் போதும். இயற்கை வேறுபாடும் இனப்பெருக்கக் காலமும் சேரும் இடத்தில் மனிதக் கண்ணே தேர்வுக் கருவியாகிவிட்டது.

இதே மலைத்தொடரில் பனித்தாமரையின் கதை இன்னும் வருத்தமானது. சாசூரியா லேனிசெப்ஸ் என்ற வெண்பஞ்சு போர்த்திய செடி பல ஆண்டுகள் வளர்ந்து, ஒரே ஒரு முறை பூத்து, விதை போட்டு மடியும். மருந்துக்காகப் பறிப்பது பூத்த நேரத்தில். அதிலும் பெரிய செடிக்குத்தான் விலை. ஆகவே உயரமானவை ஒரு முறைகூட விதை போடாமல் போகின்றன, குட்டையானவை தப்புகின்றன. 2005-இல் வெளியான ஆய்வு, உலர்தாவரச் சேகரிப்பிலுள்ள ஒரு நூற்றாண்டு மாதிரிகளை அளந்து, இந்த இனம் காலப்போக்கில் குட்டையாகி வந்திருப்பதைக் காட்டியது. அதன் அருகிலேயே வளரும், அவ்வளவாகப் பறிக்கப்படாத இன்னொரு சாசூரியா இனத்தில் அந்தக் குறுக்கம் இல்லை. வெப்பமோ மழையோ காரணமாயிருந்தால் இரண்டும் சேர்ந்தே குறுகியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறுகியதால் பறிக்கும் கைதான் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

2021-இல் சீன அரசு தன் பாதுகாக்கப்பட்ட காட்டுத் தாவரப் பட்டியலைத் திருத்தியபோது ஃப்ரிட்டிலாரியா பேரினத்தின் எல்லா இனங்களையும் அதில் சேர்த்தது. நல்ல முடிவுதான். ஆனால் பாதுகாப்பை எண்ணிக்கையால் மட்டும் அளந்தால் போதாது. ஒரு சரிவில் ஆயிரம் செடிகள் மிஞ்சியிருந்தாலும், பச்சைக்கான, உயரத்துக்கான மரபணுக்கள் போய்விட்டால் அவை திரும்ப வருவது எளிதல்ல.

இது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு சான்சி ஓர் உதாரணம். ஜின்செங்கின் நெருங்கிய உறவான இது, இரத்தக்கசிவை நிறுத்தும் வேராகப் புகழ்பெற்றது, யுன்னானின் வென்ஷானில் விளைகிறது. இன்று கடைக்கு வருவதெல்லாம் வயலில் விளைந்ததுதான், காட்டுச் சான்சி அற்றுப்போய்விட்டது என்றே தாவரவியலார் கருதுகிறார்கள். புதிய நோய் வந்தால் அதைத் தாங்கும் குணத்தைத் தேடிப் போகக் காட்டில் மூதாதை இல்லை. வயல்களில் விதையிலிருந்து வளர்க்கப்படுவதால் அங்கே ஓரளவு வேறுபாடு மிஞ்சியிருக்கிறது. பச்சைத் தண்டு, ஊதாத் தண்டு, உள்ளே ஊதா நிறம் ஓடும் வேர் என்று விவசாயிகளே பிரித்துச் சொல்வார்கள். ரகம் உருவாக்குகிறவர்களுக்கு இருக்கும் கச்சாப்பொருள் அவ்வளவுதான்.

அதையாவது பத்திரப்படுத்தலாம் என்றால் விதை ஒத்துழைப்பதில்லை. குன்மிங்கில் பெரிய காட்டுத் தாவர விதை வங்கி இருக்கிறது. அங்கே விதைகளை நன்றாக உலர்த்தி, மைனஸ் 20 டிகிரியில் பல பத்தாண்டுகள் வைத்திருக்க முடியும். சான்சி விதை உலர்ந்தால் செத்துவிடும். பழுத்து உதிரும்போது உள்ளே கரு முழுதாக வளர்ந்திருக்காது, ஈர மணலில் சில மாதம் வைத்திருந்து, கரு முதிர்ந்த பிறகே விதைக்க வேண்டும். வேர் நோயால் ஒரே நிலத்தில் அடுத்தடுத்துப் பயிரிட முடியாது என்பதால் வயல்கள் வென்ஷானை விட்டு யுன்னானின் வேறு வட்டாரங்களுக்கு நகர்ந்துகொண்டிருக்கின்றன. நகரும்போது எந்த வயலின் விதை கூடப் போகிறது, எது பின்தங்கி அழிகிறது என்பதை விதை வியாபாரமும் அந்த ஆண்டு வேர் விலையும் முடிவு செய்கின்றன.